கடைமடைக்கு அப்பாலும் பாருங்கள்

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் முன் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரிவிட வேண்டும் என்பதில் காவிரி டெல்டாவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடைமடை வயல்களில் தேங்கும் மழைநீர் கடைசியில் கடலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலில் இறங்குகின்றன. அதன் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடந்தால், மேலே எத்தனை கிலோமீட்டர் தூர்வாரியும் தண்ணீர் சீக்கிரம் வடியாது. அந்த மணல் போன வருடம் எங்கே இருந்தது, இந்த வருடம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பருவந்தோறும் காட்டும் வரைபடம் டெல்டாவுக்கு வேண்டும். அதற்கான படங்கள் ஏற்கெனவே வானிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. நாம்தான் அவற்றில் பாதியை மட்டும் பார்க்கிறோம்.

அந்தப் பாதி, நெல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் படங்களைக் கொண்டு டெல்டாவின் நெற்பரப்பைக் கணக்கிட்டிருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவியிருக்கிறது. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும். ராடார் அலை கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறித்துவிடுவதே காரணம். நட்ட பயிர் தூர் கட்டி வளர வளர அந்த இடம் வெளுக்கும். கடலுக்கும் இதே கணக்குதான்: அலையடங்கிய நீர் கறுப்பு, காற்றில் சிலிர்த்த நீர் வெளுப்பு. வாய்க்காலில் அடியில் ஒரு மேடு இருந்தால் மேலே நீர் சுழிப்பதை வைத்தே மடை பார்ப்பவர் கண்டுகொள்வார். கடலிலும் நீரோட்டம் மணல் திட்டின் மேல் ஏறும்போது விரைந்து, தாண்டியதும் தளர்கிறது. அதனால் மேற்பரப்பின் சிற்றலைகள் ஓரிடத்தில் நெருங்கி, இன்னோரிடத்தில் கலைந்து, திட்டின் சாயல் படத்தில் விழுகிறது. நெதர்லாந்துக் கரையில் 1969-லேயே இதைக் கவனித்தார்கள். 1978-ல் அமெரிக்காவின் சீசாட் செயற்கைக்கோள் விண்ணிலிருந்தே இதைக் காட்டியது. 1984-ல் ஆல்பர்ஸ், ஹென்னிங்ஸ் என்ற இருவர் அதற்குக் கோட்பாடு வகுத்தார்கள்.

ராடார் அலை கடல்நீருக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதே, அடியை எப்படிக் காணும் என்று கேட்கலாம். காணாது, ஊகிக்க மட்டுமே முடியும். காற்றே இல்லாவிட்டால் படம் முழுக்கக் கறுப்பு, புயற்காற்று என்றால் முழுக்க வெளுப்பு. இன்னும் வலுவான ஆட்சேபம், நாகப்பட்டினம் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை, அதனால் திட்டின் சாயலைக் காட்டும் நீரோட்டமும் வலுவாக இராது என்பது. நெதர்லாந்தை ஒட்டிய வட கடலின் முறையை அப்படியே இங்கே நகலெடுத்தால் ஏமாற்றம்தான். ஆனால் முகத்துவாரத் திட்டின் மேல் உடையும் அலை ராடாரில் பளிச்சென்று தெரியும். கரைக்கு வரும் பேரலைகளின் இடைவெளி ஆழம் குறையக் குறைய நெருங்குவதையும் அளக்கலாம். ஒரு படத்தை நம்ப வேண்டாம், சில நாட்களுக்கொரு முறை வரும் படங்களை அடுக்கிப் பார்த்தால் நிலையான திட்டு எது, காற்றின் வேலை எது என்று பிரியும். லேசர் இருக்கிறதே என்பார்கள். ராமர் பாலத்தின் நீரடி வடிவத்தை இஸ்ரோ விஞ்ஞானிகள் 2024-ல் அமெரிக்கச் செயற்கைக்கோளின் லேசர் தரவைக் கொண்டுதான் வரைந்தார்கள். அதற்குத் தெளிந்த நீர் வேண்டும். வண்டல் கலங்கிய முத்துப்பேட்டையில் அது எடுபடாது. மேகம் மூடிய அடைமழை நாட்களில் சாதாரணக் கேமராவும் கைகொடுக்காது.

துல்லியமான ஆழம் வேண்டுமென்றால் படகில் போய் ஒலியால் அளப்பதே சரி. அந்தப் படகை எங்கே அனுப்புவது என்று சொல்லத்தான் ராடார். திட்டின் நகர்வை அன்றாடம் பார்க்கும் மீனவர்கள் அதைச் சரிபார்க்கட்டும். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ராடார் செயற்கைக்கோள், 12 நாட்களுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்புகிறது. சென்டினல் படங்களோ இலவசம். நீர்வளத் துறையும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வரும் வாடைக்காற்றுக்கு முன் முதல் முகத்துவார வரைபடத்தைக் கடைமடை ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்ட வேண்டும்.