சீதைக்குப் பஸ்; சவரத் தொழிலாளிக்குத் தலைவிதியா?

இந்தியாவிலிருந்து நேபாளம் சென்று காட்மாண்டுவில் சவரம் செய்தும், காய்கறி விற்றும், பழைய சாமான் வாங்கியும் ஜீவிப்பவர்கள் அநேகர். அங்கிருந்து இந்நாட்டுக்கு வந்து தெருவோரத்தில் பலகாரக் கடை போட்டுப் பிழைப்பவர்களும் அநேகர். இவர்களுக்கு முதலாளி இல்லை. ஆகவே கை ஒடிந்தால் அன்றைய வரும்படி போச்சுது. கிழப்பருவம் வந்தால் கேட்பாரில்லை. இதற்குக் காரணம் என்னவென்றால் ஜோசியர் "தலைவிதி" என்பார். புராணிகர் "பூர்வஜென்ம கர்மம்" என்பார். கர்மம் மெய்யானால் அது ஐரோப்பாவில் மட்டும் ஏன் பலிப்பதில்லை என்று கேட்கின்றோம்.

1945 வரை ஒருவரையொருவர் குண்டு போட்டுக் கொன்றுகொண்டிருந்த அத்தேசத்தார், பதின்மூன்றே வருஷத்தில், அதாவது 1958இல், எல்லை தாண்டிப் போகும் கூலியாட்களின் இன்ஷ்யூரன்சுக்குப் பொது விதி செய்தனர். சொந்தத் தொழில்காரரை அங்கும் கடைசியில்தான் நினைத்தார்கள். 1982 ஜூலை முதல்தான் அவர்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் சேர்த்தார்கள். இன்று ஜெர்மனியிலுள்ள ஒரு தச்சர் பக்கத்து ஹாலந்தில் தம் தொழிலைத் தற்காலிகமாகச் செய்யப் போனால், 24 மாதம் வரை சொந்த நாட்டிலேயே சந்தா செலுத்தலாம். அதற்கு அத்தாட்சியாக ஏ1 என்ற சீட்டு உண்டு. ஒரே காலத்தில் இரு நாட்டிலும் சந்தா கேட்கக்கூடாது. அங்கேயே தங்கிவிட்டால் அங்கே செலுத்துவார். பென்ஷன் உரிமைக்கு இரு நாட்டு வருஷங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். இது எந்தக் கடவுள் கொடுத்த வரம்? மனிதர் கூடிப் பேசி எழுதிய காகிதமே!

நம் சர்க்காருக்கு இது தெரியாததல்ல. பெல்ஜியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2009 முதலும், ஜெர்மனியோடு செய்துகொண்டது 2017 முதலும் அமலில் இருக்கின்றன. ஆனால் இங்கிருந்து கொண்டுபோகும் அத்தாட்சி யாருக்கு? பிராவிடெண்டு பண்டில் சேர்ந்து, கம்பெனியால் அனுப்பப்படும் உத்தியோகஸ்தருக்கு. கத்தியும் சீப்பும் தூக்கிப் போகிறவனுக்கு ஏது பிராவிடெண்டு பண்டு? நேபாளத்தோடோ அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. இத்தனைக்கும் 1950ஆம் வருஷத்துச் சிநேக உடன்படிக்கையின் 7வது ஷரத்து, ஒரு நாட்டார் மறு நாட்டில் குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் வழி திறந்துவிட்டிருக்கிறது. பிழைக்க வழி உண்டு. விழுந்தால் தாங்க ஆளில்லை!

ஆனால் 2018 மே மாதம் இரு பிரதம மந்திரிகளும் கூடி, சீதை பிறந்ததாகச் சொல்லப்படும் ஜனக்பூருக்கும் அயோத்திக்கும் பஸ் விட்டார்கள். புராணத்துச் சீதை பிறந்தகம் போய்வர பஸ்; இரத்தமும் சதையுமான உழைப்பாளி போய்வர ஒரு துண்டுச் சீட்டுக்கும் வழியில்லை. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

"அவை பணக்கார தேசங்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். தோழர்களே, நாம் தானம் கேட்கவில்லை. உழைப்பவன் தன் சந்தாவை ஒரே இடத்தில் கட்டட்டும். கட்டிய வருஷங்கள் எல்லையில் அழியாதிருக்கட்டும். படுத்த இடத்தில் அவனுக்கு உதவி கிடைக்கட்டும் என்றுதான் கேட்கின்றோம். இது பிச்சையல்ல, உரிமை. தலைவிதி என்று நம்பிக் கைகட்டி நிற்கும் வரை இவ்வுரிமை வராது. விதியை எழுதுகிறவர்கள் சட்டசபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உணர்ந்து கேட்கும் நாளில்தான் வரும்.