இருட்டை ரசிப்பவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் நம் சிற்றிதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் ஒரு வகைக் கட்டுரை முளைத்துவிடுகிறது. நகரத்தில் வாழும் எழுத்தாளர் பூர்வீக வீட்டுக்குப் போவார். மின்சாரம் நிற்கும். பரணிலிருந்து அரிக்கேன் விளக்கு இறங்கும். சுவரில் நிழல்கள் ஆட, வயலில் தவளைகள் கத்த, பாட்டி சொன்ன கதைகள் நினைவுக்கு வரும். மின்சாரம் நம்மிடமிருந்து எதையெல்லாம் பறித்துக்கொண்டது என்ற பெருமூச்சோடு கட்டுரை முடியும். மறுநாள் காலை அவர் பேருந்து ஏறிவிட்டார் என்பது மட்டும் அதில் இராது.

நாங்கள் பேருந்து ஏறாதவர்கள். காவிரியின் கடைமடையில், கடலுக்கு வெகுதூரமில்லாத ஒரு சிற்றூரில் குடியிருந்துகொண்டு, அங்கிருந்தே கல்லூரிக்குப் போய்வருகிறோம். இத்தகைய கட்டுரைகளை இதுகாறும் பொறுமையாகவே படித்துவந்தோம். அவற்றின் நடையழகில் எங்களுக்கு ஐயமில்லை. அவற்றில் உள்ள வீடுதான் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

மின்சாரம் போனால் முதலில் போவது வெளிச்சம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். கிராமத்து வீட்டில் முதலில் போவது தண்ணீர். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் வீட்டில் மீண்டும் விளக்கு எரிய 23 நாள் ஆயிற்று. அந்த நாட்களில் இருட்டைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதாக நினைவில்லை. பேச்செல்லாம் குடத்தைப் பற்றித்தான். கிணறுகளைத் தூர்த்துவிட்டு ஆழ்துளைக் குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் இறக்கிய தெருக்கள் இவை. எஞ்சியிருந்த ஒரே அடிபம்பின் முன்னால் விடியுமுன்பே குடங்கள் வரிசையில் நின்றன. பிறகு டிராக்டரில் ஜெனரேட்டர் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வீடு வீடாக மோட்டாரை ஓட்டி மாடித் தொட்டியை நிரப்பிக்கொடுத்தார்கள். கொடுக்கப் பணமும் நிரப்பத் தொட்டியும் இருந்தவர்களுக்கு அன்றோடு தொல்லை பாதி தீர்ந்தது. கூரை பறந்துபோன குடிசைக்காரர்களுக்கு இரண்டும் இல்லை.

‘இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கலாமே’ என்று தொலைபேசியில் கேட்ட நண்பர்களும் உண்டு. (அந்தத் தொலைபேசியை உயிர்ப்பிக்கத் தேநீர்க் கடையின் ஜெனரேட்டரில் காசு கொடுத்துச் செருகி, காவலுக்கு ஓர் ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.) இன்வெர்ட்டரில் இருப்பது கடன் வாங்கிய மின்சாரம். கொடுத்தவன் திரும்ப வராவிட்டால் இரண்டாம் நாளே அதுவும் ஒரு பெட்டி. கம்பத்தில் ஓட்டம் உள்ள ஊருக்குத்தான் அது உதவும்.

ஓட்டம் இருந்தும் கிடைக்காத காலத்தையும் பார்த்திருக்கிறோம். 2012-ஐ மறந்தவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியும் நிற்கும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் சுழன்று தமிழகத்தைத் தாங்குகின்றன. ஐப்பசியில் அந்தக் காற்று ஓய்ந்துவிடும். ஏற்கெனவே பற்றாக்குறையில் தள்ளாடிய அந்த ஆண்டில், காற்றும் ஓய்ந்த பிறகு கிராமங்களின் மின்வெட்டு நாளொன்றுக்கு 14 மணி நேரத்தையும் தாண்டியது. சென்னைக்கு விதித்திருந்தது 2 மணி நேரம். மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதிலாகச் செப்டம்பர் 17-இல் திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. ஆற்று நீரை நம்ப முடியாமல் குழாய்க் கிணற்றை நம்பிய சம்பாப் பயிர், மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று காத்துக்கிடந்தது. இரவு இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து வரப்பில் நடந்தார்கள். அரிக்கேன் விளக்கின் நிழலைப் பற்றி அந்த ஆண்டும் கட்டுரை வந்தது.

‘குளிர்காலம்தானே, மின்விசிறி எதற்கு’ என்பது இன்னொரு கேள்வி. டெல்டாவில் ஒரு கார்த்திகை இரவைக் கழித்தவர் இதைக் கேட்கமாட்டார். இங்கே மின்விசிறி கொசுவுக்காகச் சுழல்கிறது. வயலில் நீர் நிற்கும் மாதங்களில் எலியும் தவளையும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். அவற்றைத் தேடிக் கட்டுவிரியன் வரும். அது இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால், கடிபட்டதே பல நேரம் தெரிவதில்லை. கைவிளக்கு இல்லாமல் கொல்லைப்பக்கம் கால் வைக்க அஞ்சும் ஒரு தாயிடம் இருட்டின் மர்மம் பற்றிப் பேசிப் பாருங்கள்.

அந்தத் தாயைத்தான் இந்தக் கட்டுரைகள் முற்றாக மறைத்துவிடுகின்றன. விளக்கின் அழகை எழுதுபவர் பெரும்பாலும் ஆண். சிமினிக் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து, திரி கத்தரித்து, மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியவர் யார்? நியாயவிலைக் கடையின் மண்ணெண்ணெய் ஆண்டுக்காண்டு குறைந்து வந்ததால், பரணிலிருந்து இறங்கிய விளக்குக்கு வார்க்கவும் எண்ணெய் இல்லை என்பது வேறு. 2011-இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் தர அரசு திட்டம் வகுத்தது. அடுத்த ஆண்டே அவை மூலையில் கிடந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் திரும்பி வந்தபோது ‘மரபுச் சுவை’ என்று மகிழ்ந்தவர்கள் யாரும் அந்தக் கல்லைச் சுற்றவில்லை.

நம் இலக்கிய நண்பர்கள் இவ்விடத்தில் சங்கப் பாட்டைத் துணைக்கு அழைப்பார்கள். கூதிரும் வாடையும் விளக்கும் நம் மரபல்லவா என்பார்கள். நெடுநல்வாடையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதற்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்கிறோம். நக்கீரர் அந்தப் பாட்டை அரசியின் அறையிலிருந்து தொடங்கவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை வேற்றிடம் ஓட்டிச்சென்று, நனைந்த மாலையோடு தீக்கொள்ளியைச் சுற்றி நின்று நடுங்கும் இடையர்களிடமிருந்து தொடங்குகிறார். குளிரில் பறவைகள் விழுகின்றன. கறவைகள் கன்றை உதைக்கின்றன. யவனர் செய்த பாவை விளக்கு மிகவும் பின்னால்தான் வருகிறது. அதன் ஒளி மங்கும்போதெல்லாம் தூண்டிவிட அங்கே ஆட்கள் உண்டு என்பதையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. கடைசியில் பாசறையில், வாடையில் சாயும் சுடருக்கு நடுவே காயம்பட்டவர்களைப் பார்த்து நடக்கிறான் அரசன். ஒரே குளிர் ஒருவனுக்குக் கொள்ளிக்கட்டையாகவும் இன்னொருத்திக்குப் பாவை விளக்காகவும் இருப்பதை 188 அடிக்குள் வைத்தவர் அவர். நாம் பாவை விளக்கை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மரபு என்கிறோம்.

‘மின்சாரமே இல்லாத காலத்தில் மக்கள் வாழவில்லையா?’ வாழ்ந்தார்கள், அதற்கென்று கட்டிய வீடுகளில். கொல்லையில் இராட்டினம் போட்ட கிணறு இருந்தது. முற்றம் வெளிச்சத்தைக் கொண்டுவந்தது. தாழ்வாரம் மழைநாளில் உலர்த்தும் இடமாயிற்று. திண்ணையில் காற்று. நெல்லுக்குப் பத்தாயம், அவிக்க அடுப்பு, குத்த உரல். இன்று இருப்பது கம்பி வந்துவிட்டது என்ற வாக்குறுதியை நம்பிக் கட்டிய வீடு. தாழ்ந்த சன்னல், காங்கிரீட் கூரை, குழாய் திறந்தால்தான் பயன்படும் கழிப்பறை. அரசும் வங்கியும் ஒப்பந்தக்காரரும் சொன்னபடி கட்டியதுதான். இதிலிருந்து மின்சாரத்தை உருவிவிட்டால் தாத்தாவின் வீடு திரும்பக் கிடைப்பதில்லை. அடைத்த பெட்டிதான் மிஞ்சுகிறது. அரைகுறை வெளிச்சத்தில் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு, தெருவிளக்கில் படித்து முன்னேறிய பெரியவர்களின் கதையைச் சொல்வதும் இதே வகைதான். இப்போது தெருவிளக்கும் எரியவில்லையே ஐயா.

கஜாவுக்குப் பின் சேற்றில் முழங்கால் புதையக் கம்பங்களைத் தோளில் சுமந்து வந்த மின் ஊழியர்களைக் குறைசொல்ல எங்களுக்கு நாவில்லை. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட வந்தார்கள். துணைமின் நிலையம், உயர் அழுத்தப் பாதை, மின்மாற்றி, அதன்பின்பே வீட்டுக் கம்பி என்ற வரிசைக்கு நியாயம் உண்டு. மருத்துவமனை முந்துவதிலும் எங்களுக்கு மாறுபாடில்லை. ஆனால் புயல் வருமுன்பே அந்த வரிசை வேறோர் இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. சென்னையின் பல பகுதிகளில் கம்பி நிலத்தடியில் ஓடுகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைத் தாங்கிய கடலூர் நகருக்கும் பிறகு நிலத்தடிக் கம்பித் திட்டம் வந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் கிராமத்துக் கம்பி அடுத்த கார்த்திகைக்கும் தென்னைக்கு அடியில்தான் இருக்கிறது. இதைக் கேட்க ஆள் வேண்டும். மொழி தெரிந்தவர்கள், இருட்டு எவ்வளவு அழகு என்று எழுதிக்கொண்டிருந்தால், கேட்க வேண்டியவர்களுக்கு அது வசதிதான். அவர்களே இருட்டை விரும்புகிறார்களே என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

எங்கள் தெருவில் தூர்த்த கிணறு ஒன்றை நாலைந்து வீட்டார் சேர்ந்து தோண்டி இராட்டினம் போட்டிருக்கிறோம். ஊராட்சிக் கூட்டத்தில் தெருவுக்கு இரண்டு அடிபம்பும், மேல்நிலைத் தொட்டிக்கென்று நிரந்தரமாக ஒரு ஜெனரேட்டரும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்; இன்னும் பதில் இல்லை. இந்த ஆண்டு பூர்வீக வீட்டுக்கு வரவிருக்கும் எழுத்தாளர்கள், விளக்கை ஏற்றுமுன் அன்றைய தண்ணீர் எத்தனை குடம், எவ்வளவு தூரத்திலிருந்து, யார் இடுப்பில் வந்தது என்று வீட்டில் கேட்டு, அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளட்டும்.