பல்லும் சொல்லும்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பல் போகாமலே சொல் போவதும் உண்டு. அதற்குத்தான் அவர்கள் பழமொழி செய்து வைக்கவில்லை. முன்பல் ஒன்று வரிசையை விட்டு வெளியே வந்து நிற்கிறது; பக்கத்துப் பல் அதன் பின்னால் ஒளிந்து கொள்கிறது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பற்களுக்குச் சொந்தக்காரர் முப்பது வருஷ காலம் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறார். கல்யாணப் புகைப்படத்தில் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். சபையில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டிய சமயத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கிளப்பி விட்டுத் தாம் உட்கார்ந்து விடுகிறார். பல் இருக்கிறது, சொல் போய்விட்டது!

எங்கள் கோபிசெட்டிபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர் அறையில் ஆறு மாதத்துக்கு முன் இது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவருக்கு வயது 43. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் இடுக்கில் பிரஷ் நுழைவதில்லை. காரை படிந்து ஈறு அடிக்கடி வீங்குகிறது. மேல்வரிசையில் இரண்டு பற்கள் திரும்பி நிற்கின்றன. "வரிசைப்படுத்திக் கொள்வது நல்லது, இல்லாவிட்டால் சுத்தம் செய்வது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகும்" என்று பல் வைத்தியர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல், உலோகக் கிளிப், பீங்கான் கிளிப், பல்லின் உட்புறத்தில் ஒட்டும் கிளிப், கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறை என்று நாலு வழிகளையும் எதிரே வைத்து, யோசித்துச் சொல்லும்படி அனுப்பிவிட்டார்.

யோசிக்கும் வேலையை ஆசிரியர் அறை முழுவதும் பங்கு போட்டுக் கொண்டது. "ஏனுங்க டீச்சர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயசில பல்லுக்குக் கிளிப்புங்களா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு இன்னும் முப்பது வருஷம் சாப்பிடணுமுங்களே, சார்!" என்று அம்மாள் பதில் சொன்னார். இதைவிடச் சிறந்த பதிலை எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லிவிட முடியாது.

முதலில் இந்த வயது விஷயத்தைத் தீர்த்து விடுவோம். மரத்தில் அறைந்த ஆணியைப் போல் பல் எலும்பில் இறுகிக் கிடக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியல்ல. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று மெத்தை போல அமைந்திருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக, இலேசாக, ஆனால் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால், முன்பக்கத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தூரம் பல் நகர்கிறது. இந்தக் காரியம் நாற்பதிலும் நடக்கும், அறுபதிலும் நடக்கும். வேலை தொடங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். தாடையின் வளர்ச்சி முடிந்து விடுவதால், கோளாறு பல்லில் இல்லாமல் தாடையிலேயே இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் வயது மட்டும் தடையல்ல. ஈறு நோய்தான் தடை, கட்டுக்கு அடங்காத நீரிழிவு தடை, புகையிலை தடை. அவற்றைச் சரி செய்து கொண்டுதான் கிளிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன?" என்றும் சிலர் கேட்கிறார்கள். இத்தனை நாள் வசதி எங்கே இருந்தது? கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது நம் தேசத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ல். சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவப் படிப்பு வந்தது 1953-ல். பல் சீரமைப்பு நிபுணர்கள் தங்களுக்கென்று இந்தியச் சங்கம் அமைத்துக் கொண்டது 1965-ல். நிபுணர்கள் பெருநகரங்களிலிருந்து தாலுகா ஊர்களுக்கு வந்து சேர மேலும் பல வருஷங்கள் ஆயின. நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் கிளிப் போட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. தெற்றுப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் தேற்றுவார்கள், அதோடு சரி. இன்று நாற்பது வயதில் கிளிப் போடுகிறவர்கள் புது நாகரிகத்தில் மயங்கியவர்கள் அல்லர். பதினான்கு வயதில் கிடைக்காததை இப்போது பெறுகிறவர்கள்.

இனி நாலு வழிகளையும் பார்ப்போம்.

உலோகக் கிளிப் எல்லாவற்றிலும் மூத்தது. 1728-ல் பாரிஸ் வைத்தியர் பியேர் ஃபோஷார் தம் நூலில் உலோகப் பட்டையில் பல்லை நூலால் கட்டி இழுக்கும் முறையை எழுதினார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1928-ல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்ததே இன்று நாம் காணும் கிளிப். ஒவ்வொரு பல்லிலும் சிறு துருவில்லாத எஃகுத் துண்டு. அதன் பள்ளத்தில் ஓடும் கம்பி. 1970-களில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி வந்தபின் இழுப்பு மென்மையாயிற்று. திரும்பிய பல்லைத் திருப்பவும், பல் பிடுங்கிய இடைவெளியை மூடவும், ஏறிய பல்லை இறக்கவும் இதற்குச் சக்தி உண்டு. உறுதி மிகுதி, செலவு குறைவு. கண்ணுக்குத் தெரிவது ஒன்றே இதன் பெருங்குறை. நிக்கல் ஒவ்வாதவர்கள் மட்டும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

பீங்கான் கிளிப் 1980-களில் வந்தது. வேலை செய்யும் முறை அதேதான். நிறம் மட்டும் பல்லின் நிறம். சற்றுப் பருமனானது, உடையக் கூடியது. பீங்கான் பல்லின் எனாமலைவிடக் கடினமானது. ஆகையால் கீழ்ப்பல்லில் ஒட்டினால், கடிக்கும்போது மேல்பல் அதில் உராய்ந்து தேயக்கூடும். அதனால் பல வைத்தியர்கள் மேல்வரிசைக்கு மட்டும் பீங்கானும் கீழ்வரிசைக்கு உலோகமும் வைக்கிறார்கள். நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் விளையும் ஈரோடு ஜில்லாவில் நாம் வசிக்கிறோம். பீங்கான் கறை பிடிக்காமல் தப்பலாம். ஆனால் கம்பியைப் பிடித்திருக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்கள், இரண்டு நாள் சாம்பாரிலேயே மங்களகரமாகி விடுகின்றன! அடுத்த மாதம் வைத்தியர் மாற்றும்வரை அந்த மஞ்சள் நிறத்தோடுதான் இருக்க வேண்டும். மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டினால் கறை பிடிக்காது. ஆனால் அந்தக் கம்பி வெளியே தெரியும்.

மூன்றாவது, உட்புறக் கிளிப். 1970-களில் ஜப்பானில் டாக்டர் ஃபூஜிதாவும் அமெரிக்காவில் டாக்டர் கர்ஸும் தனித்தனியே இதை உருவாக்கினார்கள். ஃபூஜிதாவின் நோக்கம் கிளிப்பை ஒளிப்பதல்ல. தற்காப்புக் கலை பயில்கிறவர்களுக்கு அடிபடும்போது உதடும் கன்னமும் கிழியாமல் காப்பதுதான். வெளியே சிறிதும் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் நாக்குக்குத் தெரியுமே! தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நாக்கின் நுனி மேல்பல்லின் அடியில் பொருந்துவதால் தகரமும் நகரமும் பிறக்கின்றன என்கிறது அந்நூல். உட்புறக் கிளிப் உட்கார்ந்திருப்பதும் அதே அக்கம்பக்கத்தில்தான்! 'தமிழ்' என்று சொன்னால் ழகரம் அண்ணத்தின் பக்கம் போய்த் தப்பித்துக் கொள்ளும். தகரம் தகரத்தில் இடித்துக் கொள்ளும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது என்றாலும், தினந்தோறும் ஐந்து மணி நேரம் பேசிப் பிழைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பயிற்சி பெற்ற வைத்தியர்கள் குறைவு, செலவும் மிகுதி.

நான்காவது, அலைனர் என்னும் கண்ணாடி போன்ற உறை. கலிபோர்னியாவில் 1997-ல் தொடங்கிய கம்பெனி ஒன்று இதைப் பரப்பிற்று. பல்லின் வடிவத்தைக் கணினியில் ஏற்றி, படிப்படியாக நகரும் நிலைகளுக்கு ஏற்ப வரிசையாக உறைகள் செய்து தருகிறார்கள். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஓர் உறை. பார்ப்பவருக்கு எளிதில் தெரியாது. கழற்றிவிட்டுப் பல் துலக்கலாம். மிதமான கோணல்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் பலன். சாப்பிடும்போதும், தண்ணீர் தவிர எதைக் குடித்தாலும், கழற்ற வேண்டும். நம் வீட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் காப்பி, பதினொரு மணிக்குத் தேநீர், மாலையில் மறுபடியும் காப்பி. எந்த வீட்டுக்குப் போனாலும், "ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்ற உபசாரம். மிச்சமிருக்கும் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் இவை அத்தனையும் அடங்க வேண்டும்! பந்தியில் கழற்றி இலை ஓரத்தில் வைத்த உறை, இலையோடு சேர்ந்து போய்விடும் அபாயமும் உண்டு. கட்டுப்பாடு உள்ளவருக்கு இது வரம். இல்லாதவருக்குப் பெட்டியில் தூங்கும் பணம்.

தர்மபுரி, சேலம் பக்கங்களில் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழுப்பேறிய அத்தகைய பல்லின் மேற்பரப்பில் பசை எளிதில் பிடிப்பதில்லை. உறைக்குப் பிடிமானமாகச் சில பற்களில் ஒட்டும் சிறு புடைப்புகளுக்கும் இதே தொல்லைதான். முதல் நாளிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆசிரியை என்ன செய்தார்? அலைனருக்கும் உட்புறக் கிளிப்புக்கும் சொன்ன தொகை, உலோகக் கிளிப்புக்குச் சொன்னதைப் போல் பல மடங்கு. மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது. பல் திரும்பியிருப்பதற்கு நிலையான கிளிப்பே நல்லது என்று வைத்தியரும் சொன்னார். ஆனாலும் அந்த அம்மாள் ஒரு வாரம் தூங்கவில்லை. பணத்துக்காக அல்ல, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வைக்கப் போகும் பட்டப் பெயருக்காக! கடைசியில் உலோகத்தையே போட்டுக் கொண்டார். எதிர்பார்த்த பட்டப் பெயரும் வந்தது. பத்து நாளில் மறைந்தும் போயிற்று. ஆனால் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அதே வகுப்பில் கிளிப் போட்ட சிறுமி ஒருத்தி இருந்தாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுப்பாகவே பதில் சொல்லும் பெண். கரும்பலகை முன் நின்று வாய் திறந்து பாடம் நடத்தும் ஆசிரியையைப் பார்த்து அவளும் கையை எடுத்துவிட்டாள். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இல்லாத இந்தப் பிரயோஜனம் இரும்புக்கு இருக்கிறது என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

தெரியாத கிளிப்பைத் தேர்ந்தெடுப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. மேடையிலும் காமிராவின் முன்பும் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அது அவசியமாகவே இருக்கலாம். காந்தியடிகளின் பொக்கை வாய்ச் சிரிப்பில் தேசமே மயங்கியது. ஆனால் நாம் எல்லோரும் மகாத்மாக்கள் ஆகிவிட முடியுமா? நான் சொல்வதெல்லாம், ஊரார் கண்ணை முதல் கேள்வியாக வைக்காதீர்கள் என்பதே. முதல் கேள்வி, என் பல்லுக்கு எது வேலை செய்யும்? இரண்டாவது, என் பழக்கத்துக்கு எது ஒத்துவரும்? மூன்றாவது, என் குடும்பம் எதைத் தாங்கும்? இவை மூன்றுக்கும் விடை கிடைத்தபின், வெளியே தெரியுமா தெரியாதா என்று கேளுங்கள். பச்சைமலைக் கோவில் கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்தால், "கோபுரம் அசிங்கமாகி விட்டதே" என்று யாராவது சொல்வார்களா? "கும்பாபிஷேகம் வருகிறது" என்றல்லவா சொல்வார்கள்?

வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பி.டி.எஸ். முடித்தபின் மூன்று வருஷம் பல் சீரமைப்பையே தனியாகப் படித்து எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குமாரபாளையம், திருச்செங்கோடு, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன; இத்தகைய கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில், பொதுவாகக் குறைந்த செலவில், சிகிச்சை நடப்பதுண்டு. விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் உறை வரவழைக்க வேண்டாம். அமெரிக்காவில் அப்படி வியாபாரம் செய்த ஒரு பெரிய கம்பெனி 2023 டிசம்பரில் கதவை மூடிற்று. வாடிக்கைக்காரர்கள் பலர் பாதிப் பல்லோடு நடுவழியில் நின்றார்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்துக் கிளிப்பைக் கழற்றியதும் காரியம் முடிந்துவிடாது. பல்லை அதன் புது இடத்தில் நிறுத்தி வைக்க 'ரிடெய்னர்' என்னும் பிடிப்பானை நெடுநாள் அணிய வேண்டும். இரவு வேளையிலாவது அணிய வேண்டும். இதன் செலவு மொத்தத் தொகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பற்களும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போலத்தான். எவ்வளவு சிரமப்பட்டு வரிசையில் நிறுத்தினாலும், வாத்தியார் தலை மறைந்தால் பழைய இடத்துக்கே திரும்பி விடும்!