வந்தேறிக்கு ஒரு சுவர்

யூனியன்வில்லில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். ஓய்வுநாளொன்றில் பிரதான வீதியிலுள்ள வார்லி ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஃபிரெட் வார்லியும் வந்தேறிதான். 1912இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கனடா வந்தவர், கடைசிக்காலத்தை இந்த ஊரில் கழித்து 1969இல் இறந்தார். அவர் பெயரில் 1997இல் இந்தக் கூடத்தைத் திறந்தார்கள்.

நாங்கள்? 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்காக இன்றும் அழுகிறோம். அழத்தான் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்து, 2000இல் மறைந்த ஓவியர் மாற்குவைப் பற்றிக் கேட்டால் 'ஆர் அது?' என்கிறோம். சாமத்தியச் சடங்கு மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கில் டொலர் எண்ணும் கை, எங்கள் ஓவியன் ஒருவனின் படத்துக்கு நீளுவதில்லை. இதற்கும் சிங்கள அரசுதான் காரணமா? மண்டபச் செலவில் பத்திலொன்றை ஒதுக்குங்கள். எங்களுக்கும் ஒரு சுவர் வேண்டும்.