உறக்கத்தைப் பிடிக்கும் கருவி உயிரைக் காக்காதா?



நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். மாணவர்களுக்கு அவர் 'ஜாகா தாத்தா'. மாலை ஏழு மணிக்கு வருவார்; மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்புவார். பன்னிரண்டு மணி நேரமும் அவ்வளாகத்தில் அவர் ஒருவரே. கையில் ஒரு சிறு கோல் வைத்திருப்பார். சுவர்களில் ஆங்காங்கே பதிக்கப்பட்ட உலோகப் பொத்தான்களை மணிக்கொரு முறை அக்கோலால் தொட வேண்டும். தொட்ட நேரம் அதில் பதிவாகும். காவலர் உறங்கிவிடாமல் சுற்றி வந்தாரா என்பதற்கு அதுவே சான்று.

ஒரு மழை இரவில், சிற்றுண்டிச் சாலையின் பின்புறம் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கைப்பேசியோ காவல் அறையில் மின்னேற்றத்தில் கிடந்தது. காலை ஆறு மணிக்குச் சமைக்க வந்த அம்மையார்தாம் அவரைக் கண்டார். கோலில் கடைசியாகப் பதிவான நேரம் நள்ளிரவு 1.00 மணி. ஐந்து மணி நேரம் அம்மனிதர் நனைந்த தரையில் கிடந்திருக்கிறார்!

பின்னர் அவருடைய நிறுவனத்தார் வந்து கோலின் பதிவுகளை எடுத்தார்கள். "நான்கு சுற்றுகள் விடுபட்டுள்ளன" என்று அறிக்கை எழுதினார்கள். அந்த நான்கு வெற்றிடங்களும் அவர் எழுப்பிய நான்கு அபயக் குரல்கள் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் வாதம் இதுதான். தனித்து வேலை செய்வோரைக் காக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லாமல் இல்லை. அதை நாம் தவறான கேள்வி கேட்க வைத்திருக்கிறோம். 'தூங்கினாயா?' என்று கேட்கும் கருவியை, 'நலமாக இருக்கிறாயா?' என்று கேட்க வைக்க நமக்கு மனமில்லை.

மௌனத்தையே அபாய அறிகுறியாகக் கொள்வது புதிய கண்டுபிடிப்பன்று. இரயில் ஓட்டுநர் ஒருவகைப் பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மயங்கிக் கை நழுவினால் வண்டி தானே நின்றுவிடும். தனித்துப் பணிபுரிவோருக்கான கருவிகளும் இதே அறிவைத்தான் பின்பற்றுகின்றன. குறித்த நேரத்தில் பொத்தானை அழுத்தாவிட்டால் கண்காணிப்பு நிலையத்தில் மணி ஒலிக்கும். அணிந்திருப்பவர் விழுந்து அசைவற்றுக் கிடந்தாலும் ஒலிக்கும். 2018-இல் ஆப்பிள் நிறுவனம் கைக்கடிகாரத்திலேயே விழுவதை உணரும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது.

"மறைகாணி இருக்கிறதே!" என்பார்கள். மறைகாணி பதிவு செய்யும். அந்நேரத்தில் திரையைப் பார்க்க ஆள் இல்லையென்றால், விழுந்த காட்சியை மறுநாள் பார்த்து வருந்தலாம், அவ்வளவே. "கைப்பேசி இருக்கிறதே!" என்பார்கள். நினைவிழந்தவர் எப்படி எண்களை அழுத்துவார்? "செலவாகுமே!" என்பார்கள். கோலுக்குச் செலவழித்தபோது இக்கேள்வி எழவில்லையே! பொருளுக்குக் காவல் என்றால் முதலீடு, ஆளுக்குக் காவல் என்றால் செலவா? கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். என் தாயார் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்கள். பின்னர் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒருவருடைய வாளி வந்து சேரவில்லையென்றால், "இன்னும் வரலையே!" என்று அவருடைய நிரையைத் தேடி ஆள் போகும். அது கூலிக்காக எடுத்த கணக்குத்தான். ஆனாலும் பாம்பு கடித்தவரையும் மயங்கி விழுந்தவரையும் அக்கணக்கே கண்டுபிடித்துக் கொடுத்தது. ஏனெனில், கணக்கில் ஒருவர் குறைந்தால் தேடிப் போக ஆள் இருந்தது. இன்றைய கருவிக்கு முன் அன்று இருந்தது வெறும் குறிப்பேடு; குறிப்பேட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தைப் பாருங்கள். 2005-இல் எண்ணெய் நிலையத்தில் இரவில் தனியாக வேலை பார்த்த கிராண்ட் என்னும் இளைஞர், பணம் கட்டாமல் ஓடிய வாகனத்தைத் தடுக்கப் போய் உயிரிழந்தார். 2008 முதல் அங்கே பணம் கட்டிய பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும் என விதி வந்தது. 'கிராண்ட் சட்டம்' என்றே அதை அழைக்கிறார்கள். தனித்திருப்பவரை எத்தனை நேரத்துக்கு ஒரு முறை விசாரிக்க வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முதலாளி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதிதான் நம்மிடம் இல்லாதது.

நம் நாட்டிலும் சட்டம் உறங்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. முதலாளி இடர் மதிப்பீடு செய்வது கட்டாயம். கடமை தவறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். முன்பு அது 50,000 ரிங்கிட். ஆனால், காவலரின் இரவு எந்த மதிப்பீட்டுத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது?

பிறரை மட்டும் குறை கூறவில்லை. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் அப்பெரியவருக்கு வணக்கம் சொன்னவன் நான். "ஐயா, இரவில் உங்களுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆதலால், பள்ளி நிருவாகத்தினரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடமும் நான் வேண்டுவது மூன்று. காவல் ஒப்பந்தத்தில், பதிவு ஒன்று தவறினால் பத்து நிமிடத்துக்குள் அழைத்துக் கேட்க வேண்டும் என எழுதுங்கள். பதில் இல்லையென்றால் நேரில் செல்பவர் யார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பின்றி, அதைச் சோதியுங்கள்.

என் இப்போதைய பள்ளியின் காவலர் கையிலும் அதே கோல்தான். ஆபத்தென்றால் யாரை அழைப்பீர்கள் என்று சென்ற வாரம் அவரிடம் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த ஓர் எண்ணைக் காட்டினார். அன்றிரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து அவ்வெண்ணை அழைத்துப் பார்த்தேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுக்க ஆளில்லை.

உங்கள் பள்ளிச் சுவரிலும் ஓர் எண் இருக்கும். இன்றிரவே அழைத்துப் பாருங்கள்.