நாலு வருஷ கோர்ஸ்... பன்னிரண்டு வருஷ நாய்!

"ஏனுங்க, டு-லெட் போர்டு பார்த்துட்டு கூப்பிடறேனுங்க. வீடு இருக்குதுங்களா?"

"இருக்குது தம்பி. ஃபேமிலிங்களா?"

"இல்லீங்க, காலேஜ் பசங்க. மூணு பேருங்க."

"ம்ம்... சத்தம் கித்தம் போடாம இருப்பீங்கன்னா வந்து பாருங்க."

"அப்புறம்... ஒரு நாய்க்குட்டி இருக்குதுங்க."

டொக்!

பீளமேடு, சரவணம்பட்டி, குனியமுத்தூர், வடவள்ளி... கோவையில் எந்தக் காலேஜ் பக்கம் வீடு தேடினாலும் இந்த 'டொக்' கண்டிப்பாக உண்டு மக்களே! பேச்சிலர் என்றதும் பாதிக் கதவு சாத்தப்படும். நாய் என்றதும் மீதிப் பாதி. இதையெல்லாம் தாண்டி பட்ஜெட்டுக்குள், பஸ் வசதியோடு, நாய்க்கும் இடம் தருகிற வீட்டைப் பிடிக்க முடியுமா? முடியும். ஆனால், அதற்கு முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதுக்குக் கடைசியில் வர்றேன்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு? காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில்வே ஸ்டேஷன்கள் போன்ற இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்றது அது. கேன்டீன் வாசலில் நம் கையால் பரோட்டாத் துண்டு வாங்கித் தின்று வளர்ந்த மணிகளுக்கும் ஜூலிகளுக்கும் இனி கேம்பஸ் நிரந்தர முகவரி இல்லை. 'அப்படின்னா நம்ம ரூமுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்டா' என்று யாருக்காவது தோன்றினால், அந்த மனசுக்கு ஒரு சல்யூட். ஆனால், ரூம் ஓனருக்கும் ஒரு மனசு இருக்கிறது. முதலில் அதைப் படிக்கலாம்.

ஓனர் வில்லன் இல்லீங்க!

கொங்கு மண்ணில் நாய் பிடிக்காத ஆளைப் பார்ப்பது அபூர்வம். பொள்ளாச்சி, அவிநாசி, கோபி, தாராபுரம் என எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்துச் சாளைக்குக் காவல் யார்? நாய்தான். ஆட்டுப்பட்டிக்குக் காவல்? அதுவும் நாய்தான். இன்றைக்கு கோவையில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பல பேர், ஒரு தலைமுறைக்கு முன்னால் தோட்டத்தில் இருந்தவர்கள். நாயோடு வளர்ந்தவர்கள்.

அப்புறம் எதுக்கு 'டொக்'? அவர்கள் கணக்கில் நாய்க்கு இடம் வாசல். நாம் கேட்பது வீட்டுக்குள். அங்கேதான் சிக்கல். அவங்க பயத்தை லிஸ்ட் போட்டுப் பாருங்க...

காலை எட்டு மணிக்கு மூணு பேரும் காலேஜ் போய்விடுவீர்கள். பூட்டிய வீட்டுக்குள் குட்டி சாயங்காலம் வரை கத்தும். பக்கத்து வீட்டம்மா யாரிடம் சண்டைக்குப் போவார்? ஓனரிடம்!

டைல்ஸ் இடுக்கில் இறங்கிய மூத்திர வாடை லேசில் போகாது. கதவில் விழுந்த நகக்கீறலுக்கு வார்னிஷ் அடிக்கிற செலவு யாருடையது?

நல்ல தண்ணி தினம் வராத ஏரியாக்கள் இன்னும் உண்டு. சிறுவாணித் தண்ணியைக் குடத்தில் பிடித்து வைக்கிற வீட்டில், நாய் குளிக்க எந்தக் குழாய்?

நாலாவது பயம்தான் பெரியது. 'ஏப்ரல், மே லீவுல இந்தப் பசங்க ஊருக்குப் போயிட்டா நாயை யாரு பார்ப்பா? கோர்ஸ் முடிஞ்சு போறப்போ என்ற தலையில கட்டிட்டுப் போயிட்டா?'

யோசிச்சுப் பாருங்க பாஸ். இதில் ஒன்றாவது அநியாயமான பயமா?

எங்கே தேடலாம்?

பி.ஜி., ஹாஸ்டல் எல்லாம் நாய்க்கு ஒத்துவராது. அபார்ட்மென்ட்டில் ஓனர் சம்மதித்தாலும் சங்கம் முறைக்கும். லிஃப்ட் முதல் கார் பார்க்கிங் வரை தினம் ஒரு பஞ்சாயத்து. லைன் வீடுகளில் வாடகை கம்மிதான். ஆனால், ஒரே வளவில் வரிசையாக வீடுகள்; சின்னக் குழந்தைகள் வாசலில் விளையாடும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சம்மதம் வாங்காமல் அங்கே நாயோடு நுழையாதீர்கள்.

உங்களுக்குத் தோதானது தரைத்தள தனி வீடு. சுற்றுச்சுவர், கேட், பின்னால் கொஞ்சம் பொடக்காளி இருந்தால் ஜாக்பாட்! ஹோப் காலேஜ், பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் இப்படி ஒரு வீட்டுக்கு ஐ.டி. சம்பளக்காரர்களோடு போட்டி போட வேண்டும். 2010-ல் டைடல் பார்க் வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கதையே வேறு. அதனால் இரண்டு, மூன்று பஸ் ஸ்டாப் தள்ளிப் போங்கள். சரவணம்பட்டிக் காலேஜ்காரர்கள் கீரணத்தம், இடிகரை பக்கம் பார்க்கலாம். குனியமுத்தூர் ஆட்கள் கோவைப்புதூர், மதுக்கரை பக்கம். தடாகம் ரோடு, மருதமலை ரோடு மாணவர்கள் துடியலூர், கணுவாய், வடவள்ளியின் உள்பகுதிகள். அந்தத் தெருக்களில் ஒரு ரவுண்டு நடந்து பாருங்கள். கேட்டுக்குள் ஏற்கெனவே நாய் நிற்கிற ஓனர் வீடு, அதே காம்பவுண்டில் ஒரு டு-லெட் போர்டு... முதல் போன் அங்கேதான்!

ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடி ரூம் மலிவாகக் கிடைக்கும். மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ இருந்தால் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்மைக் காப்பாற்றுகிற ஊர்தான் இது. ஆனாலும், ஏப்ரல் மத்தியானம் பூட்டிய ஷீட் ரூமுக்குள் எந்தக் காற்றும் வராது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். அதனால், சினிமாவில் பார்த்த ஹஸ்கி ஆசையையும் தயவுசெய்து மூட்டை கட்டி வையுங்கள். நம்ம ஊர்க் குட்டைமுடி நாட்டு நாய்தான் நம்ம வெயிலுக்கு சரி.

சட்டம் என்ன சொல்லுது?

2015 பிப்ரவரியில் இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டெடுப்பு நடத்தினாலும் அபார்ட்மென்ட் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கு மொத்தத் தடை போட முடியாது. 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சூப்பர்தான். ஆனால் இதெல்லாம் சங்கத்துக்கு. வீட்டின் சொந்தக்காரர் 'என் வீட்டை நாயோடு வாடகைக்குக் கொடுக்க விருப்பம் இல்லை' என்றால், 'சட்டம் இருக்குதுங்க' என்று மல்லுக்கட்ட முடியாது. இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், குடியிருப்பவர் பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் நியாயமான காரணம் இல்லாமல் ஓனர் மறுக்கக் கூடாது என்கிறது. நம்ம ஊரில் அந்த அனுமதியைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

பேசி வாங்கியதை எழுதியும் வாங்க வேண்டும். தமிழ்நாட்டின் 2017-ம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கோவை மாநகராட்சி எல்லைக்குள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். '11 மாச அக்ரிமென்ட்டுக்குப் பதிவே வேண்டாம்' என்பதெல்லாம் பழைய கதை. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதனால், பத்து மாச அட்வான்ஸ் கேட்டால் தலையாட்டாதீர்கள், பணிவாகப் பேசுங்கள்.

வாடகை 9,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத அட்வான்ஸ் 27,000. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 9,000. இதுவே பத்து மாசம் என்றால் ஆளுக்கு 30,000! வித்தியாசம் புரியுதுங்களா? கூடவே கரன்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, தண்ணிக்குத் தனிக் காசா, வாடகை வீட்டுக்கா இல்லை தலைக்கு இவ்வளவா... எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போன்ல சொல்லாதீங்க... நேர்ல காட்டுங்க!

நாய் விஷயத்தை மறைத்துக் குடிபோகிற ஐடியா சில பேருக்கு வரும். ஒரே ஒரு குரைப்பில் அது உடையும். நடு செமஸ்டரில் பெட்டியோடும் நாயோடும் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்லுங்கள், ஆனால், போனில் கடைசி வரியாகச் சொல்லாதீர்கள். நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். கையில் மூன்று விஷயம் இருக்கட்டும்.

ஒன்று, தடுப்பூசி அட்டை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், வருடா வருடம் மறுபடியும். வெறிநாய்க்கடி மருந்துக்காகவே 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நமக்கு மேலே குன்னூரில்தான் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு ஊசி போடாமல் நாய் வளர்த்தால் மன்னிக்கவே முடியாது. கருத்தடை செய்த சான்றிதழும் இருந்தால் ஓனர் முகம் இன்னும் தெளியும்.

இரண்டு, ரூம் டைம்டேபிள். யாருக்கு எந்த நாள் மத்தியானம் லேப் இல்லை, யார் வந்து நாயை வெளியே கூட்டிப்போவது, எக்ஸாம் சமயத்தில் யார்... எழுதி வையுங்கள். குட்டி நாயால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்க முடியாது. டைம்டேபிள் போட்டுப் பார்த்து மத்தியானம் ஒருத்தருக்கும் ஒழியவில்லை என்றால், குட்டி வேண்டாம். வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள்.

மூன்று, அக்ரிமென்ட்டில் சேர்க்க நாலு வரி. 'வாடகைதாரர் ஒரு நாய் வளர்க்கலாம். தடுப்பூசி அட்டையின் நகலை வருடா வருடம் தருவார். நாயால் ஏற்படும் சேதத்தைக் காலி செய்யும்போது சொந்தச் செலவில் சரிசெய்வார். போகும்போது நாயையும் கூட்டிச் செல்வார்.' அந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஓனர் பேனாவைத் தேடுவார் பாருங்கள்!

பூனைப் பிரியர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். ஜன்னலுக்கு வலை, மண் தட்டு, தினசரி சுத்தம். அவ்வளவுதான். கிளிப் பிரியர்களே, ஸாரி! நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இப்போ அந்தக் கேள்வி...

நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்கள் பி.இ. நாலு வருடம். ஃபர்ஸ்ட் இயரில் குட்டியாக வந்தது, நீங்கள் கான்வகேஷன் கவுன் போடும்போது நாலு வயசு நாய். மிச்சம் எட்டு வருடம். பெங்களூரில் வேலை கிடைத்து நீங்கள் ரயில் ஏறும் நாளில் அது எங்கே இருக்கும்?

இதற்குப் பதில் இல்லாததால்தான், காலியான ரூமின் கேட் முன்னால் பழகிய பைக் சத்தத்துக்காகக் காதைத் தூக்கிக்கொண்டு நாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. வளர்த்த கை சோறு போட்டதால் அதற்குத் தெருவில் தேடித் தின்னத் தெரியாது. மற்ற நாய்கள் சேர்க்காது. பிராணியைப் பசியில் வாடும்படி கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ காசு! அந்தச் சட்டத்துக்குப் பயந்து யாரும் நல்லவராக முடியாது. நாமாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் வீடு தேடும் முன்னால் ரூம்மேட்ஸ் மூணு பேரும் உட்காருங்கள். 'இது யாருடைய நாய்?' 'எல்லாருடையதும்' என்று சொன்னால், கடைசியில் யாருடையதும் இல்லை என்றுதான் அர்த்தம். ஒருத்தர் பெயரைச் சொல்லுங்கள். அவருடைய அம்மா, அப்பாவிடம் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள். தோட்டம் இருக்கிற வீட்டுப் பையனோ பொண்ணோ இருந்தால் ரொம்ப நல்லது. செமஸ்டர் லீவுக்கே ஒரு தடவை கூட்டிப்போய்ப் பழக்குங்கள். ரயிலில் என்றால் ஏ.சி. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டிதான். இந்தச் செலவையும் சேர்த்து மாசா மாசம் ஆளுக்கு 300 ரூபாய் உண்டியலில் போடுங்கள்.

பதில் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு நாயைக் குளிப்பாட்டிவிட்டு வாருங்கள். ஓனர் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிப்போகிறேன் என்று கேளுங்கள். வளர்க்க முடியாத நேரத்தில் வளர்க்காமல் இருப்பதும் பாசம்தான்.

பதில் கிடைத்துவிட்டதா? அப்போ கிளம்புங்க. ஓனர் கேட்கிற எந்தக் கேள்விக்கும் இனி உங்களுக்குத் திக்கித் திணற வேண்டியது இருக்காது!