பாலையில் ஒரு சின்னத் திருமணம்

அமெரிக்காவில் சராசரித் திருமணச் செலவு முப்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. மண்டபத்தையும் விருந்தையும் கைவிட்டு, யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பள்ளத்தாக்கு விளிம்பில் பத்துப் பேர் முன்னிலையில் மோதிரம் மாற்றிக்கொள்ளப் பலர் கிளம்புவதில் வியப்பில்லை. நம் சங்கப் பாடல்களிலும் காதலர் வீட்டைவிட்டுச் செல்லும் உடன்போக்கு பாலை வழியேதான். அங்கே தேடிவரும் சுற்றத்தாருக்கு அஞ்ச வேண்டியிருந்தது; இங்கே பூங்கா அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்தப் படிவம்தான் பலருக்கு எரிச்சல். பத்துப் பேர் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவதற்கு அனுமதி எதற்கு என்கிறார்கள். கட்டணம் கட்ட வேண்டும், குறித்துக் கொடுத்த இடத்தில்தான் நிற்க வேண்டும், அரிசியோ பூவிதழோ தூவக் கூடாது. ட்ரோன் பறக்கவிட தேசியப் பூங்காக்களில் 2014 முதலே தடை. இவ்வளவு கெடுபிடியும் நியாயம்தான் என்பேன். காரணம், காலடியில் இருக்கிறது.

யூட்டாவின் மோவாப் நகரைச் சுற்றியுள்ள மண்ணைக் குனிந்து பார்த்தால் கறுத்து, சொரசொரப்பாக, தீய்ந்துபோனது போலத் தெரியும். அது உயிருள்ள மேலோடு. சயனோபாக்டீரியாவும் லைக்கனும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிப்போட்டு உருவாக்கியது. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அதுவே. ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். மீண்டு வரப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். மணப்பெண்ணின் தோழி நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு நாலடி தள்ளி நிற்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்து வரும் அடுத்த ஜோடியும் அங்கேயே போய் நிற்கிறது. கொஞ்ச நாளில் அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு திருமணமும் சின்னதுதான். மண்ணுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ஆகவே, விளம்பரங்கள் ஆசை காட்டும் ‘மனிதக் காலடி படாத இடம்’ என்பதைத்தான் முதலில் விட்டொழிக்க வேண்டும். அது பொய்யும்கூட. கிராண்ட் கேன்யன் 1919-இல் தேசியப் பூங்காவானது. அதன் உள்ளே ஓரிடத்தில் ஊற்று நீரில் பயிர் செய்து வாழ்ந்த ஹவசுப்பாய் மக்களை மெல்ல மெல்ல வெளியேற்றி, 1928-இல் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஹவசுப்பாய் தோட்டம் என்று பெயர் சூட்ட 2022 வரை ஆயிற்று. யாருமில்லாத வெளி என்று நாம் ரசிப்பது, ஆட்களை அப்புறப்படுத்திய பிறகு கிடைத்த வெளி.

நல்ல இடம் என்பது ஏற்கெனவே மிதிபட்ட இடம்: வெறும் பாறைத் தரை, தடுப்புக் கம்பி, பக்கத்தில் வண்டி நிறுத்தம், கழிப்பறை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் ஷோஷோன் முனையைத் திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவுக்குத் தருகிறார்கள்.  ஆனால் சாலையோர வாசலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் மண் பாதையில் போக வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமின்னல் வரும். விளிம்பில் உயரமாக நிற்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள். விடிகாலையே உத்தமம். மாற்று இடமும் கைவசம் வேண்டும்: 2025 ஜூலையில் வடக்கு விளிம்பின் கிராண்ட் கேன்யன் லாட்ஜ் காட்டுத்தீயில் எரிந்தே போனது.

சட்டத்தில் சறுக்குபவர்களும் உண்டு. திருமண உரிமம் எந்த மாநிலத்தில் வாங்கினீர்களோ அங்கேதான் செல்லும். யூட்டா உரிமத்துக்கு ஆயுள் 32 நாள், அரிசோனாவில் ஓராண்டு. இரண்டிலும் சாட்சி இருவர் வேண்டும். ஹார்ஸ்ஷூ பெண்ட் அரிசோனாவில், யூட்டா எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. யூட்டா உரிமத்தோடு அங்கே போய் நின்றால் படம் மட்டும்தான் மிஞ்சும். கொலராடோவில் நடத்திவைப்பவரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம்; மணமக்களே கையெழுத்திட்டால் போதும். உண்மையிலேயே சின்னத் திருமணம் வேண்டுவோர் அங்குள்ள கிராண்ட் ஜங்ஷன் நகருக்குப் பக்கத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் முதலில் புகைப்படக்காரரைப் பிடிக்கிறார்கள், பிறகு உடை, கடைசியில்தான் அனுமதி. வரிசையை மாற்றுங்கள். பூங்காவின் பதில் கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.